சுக்காம்பாறையின் உப்புக்கோடு

சுக்காம்பாறையில் கல்யாணமாகாத ஆண்பிள்ளை எந்த வீட்டில் இருக்கிறான் என்று யாரிடமும் விசாரிக்க வேண்டியதில்லை, வாசலில் நின்று கூடத்தை எட்டிப் பார்த்தால் போதும், மீன் தொட்டி இருந்தால் இருக்கிறான், இல்லையென்றால் இல்லை. மற்ற ஊர்களில் மீன் தொட்டியை அழகுக்கு வைப்பார்கள், வாஸ்துவுக்கு வைப்பார்கள், சோறு தின்ன அடம்பிடிக்கும் குழந்தைக்கு வேடிக்கை காட்ட வைப்பார்கள். சுக்காம்பாறையில் சாட்சிக்கு வைத்தார்கள். பெண் வீட்டார் உள்ளே வந்து உட்கார்ந்ததும் அவர்கள் கண் நேராகப் போய் விழும் இடத்தில், இரண்டடி ஸ்டூலின் மேல், வாசலைப் பார்த்தபடி தொட்டி இருக்கும், அதற்குள் நாலைந்து கறுப்பு மோலி மீன்கள் வாலை ஆட்டிக்கொண்டு இருக்கும், பேச்சு எப்படியாவது தண்ணீர்ப் பக்கம் திரும்பும்போது மாப்பிள்ளை வீட்டில் ஒருவர் தொட்டியைக் கைகாட்டி, "மீனு எப்படி வாழுது பாருங்க, இதுக்கு மேல நான் என்ன சொல்ல" என்பார். மோலி மீனுக்குச் சுண்ணாம்பு கரைந்த தண்ணீர்தான் சொர்க்கம், நல்ல ஆற்றுத் தண்ணீரில் விட்டால் அது நடுங்கியே செத்துப்போகும் என்பது ஊரில் எல்லோருக்கும் தெரியும், பெண் வீட்டாரில் ஒருவருக்கும் தெரியாது.

ஊர்த் தண்ணீர் அப்படி. ஒரு காலத்தில் அங்கே கடல் இருந்ததாம், பிறகு அதற்கு அந்த இடம் பிடிக்காமல் கிழக்கே போய்விட்டதாம், போகும்போது உப்பையும் கிளிஞ்சலையும் எடுத்துப் போக மறந்துவிட்டதாம், அவையெல்லாம் அடியில் பாறையாகிக் கிடக்க, எத்தனை அடியில் போர் போட்டாலும் அந்தப் பாறையைக் கரைத்துக்கொண்டுதான் தண்ணீர் மேலே வந்தது. சோப்பு நுரைக்காது. தலைமுடி சீப்போடு சண்டை போடும். புது வாளி ஒரே மாதத்தில் கழுத்துவரை வெள்ளை கட்டிவிடும். ஜாதகம் பொருந்தாவிட்டால் பரிகாரம் உண்டு, தண்ணீர் பொருந்தாவிட்டால் ஒன்றும் கிடையாது என்பது அந்தப் பக்கத்து வழக்கம், அதிலும் கொள்ளிடக் கரைக்காரர்கள் ரொம்பக் கறார், "பொண்ணைப் பாழுங்கிணத்துல வேணா தள்ளுவோம், சுக்காம்பாறைக்குக் குடுக்க மாட்டோம், கிணத்துலயாவது நல்ல தண்ணி ஊறும்" என்று முகத்துக்கு நேராகவே சொல்வார்கள். பதினோரு வருஷமாக ஊர்ப் பெண்கள் மேளத்தோடு வெளியே போய்க்கொண்டே இருந்தார்கள், உள்ளே ஒருத்தியும் வரவில்லை, தொட்டிகள் மட்டும் ஒவ்வொன்றாகக் கூடி நாற்பத்து மூன்றாகிவிட்டன.

அந்த நாற்பத்து மூன்றில் ஒன்று ஆபத்சகாயத்தின் வீட்டில் இருந்தது. அவனுக்கு முப்பத்தெட்டு வயது, போர் மோட்டார் மெக்கானிக், சுண்ணாம்பு கட்டி மூச்சு முட்டிப்போன மோட்டார்களை முந்நூறு அடி ஆழத்திலிருந்து மேலே இழுத்து, சுத்தியால் தட்டித் தோலுரித்து, செப்புக் கம்பி சுற்றிப் புதுக் காயில் கட்டித் திரும்ப இறக்குவான். தண்ணீர் கெட்டதால்தான் அவனுக்குச் சோறு, அது கெட்டதால்தான் அந்தச் சோற்றை உட்கார்ந்து பகிர்ந்துகொள்ள ஆளில்லை. அவனுக்குத் தனியாக இருந்து அலுத்துவிட்டது, அதை அவன் யாரிடமும் மறைக்கவும் இல்லை. சாயங்காலம் வந்ததும் கிரீஸ் படிந்த சட்டையைக்கூடக் கழற்றாமல் தொட்டி முன்னால் உட்கார்ந்து, அன்றைக்கு எந்தத் தெருவில் எந்த மோட்டார் என்ன கோளாறு என்று ஐந்து மோலிகளிடமும் ஒன்றுவிடாமல் சொல்வான், அவை கேட்பதுபோல வாயைத் திறந்து திறந்து மூடும்.

நான்கு தடவை பெண் வீட்டார் அவன் வீட்டுக்கு வந்திருந்தார்கள், நான்கு தடவையும் தொட்டிக் கண்ணாடிதான் காட்டிக்கொடுத்தது. மீன்கள் நன்றாகத்தான் நீந்தின, ஆனால் தண்ணீர் ஆவியாகிக் கொஞ்சம் இறங்க, இறங்கிய இடத்தில் ஒரு வெள்ளைக் கோடு கட்ட, அவன் குழாய்த் தண்ணீரை விட்டு நிரப்ப, அது திரும்ப இறங்கித் திரும்பக் கோடு கட்ட, கண்ணாடியின் மேல் விளிம்பில் விரல் கனத்துக்கு உப்பு ஏறியிருந்தது. நான்காவது தடவை வந்த பெண்ணின் தாயார் அந்தக் கோட்டை நகத்தால் சுரண்டி, ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "காப்பி வேணாங்க, பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்றாள். அப்போது காலை பதினொரு மணி, அடுத்த பஸ் ஒன்றரை மணிக்கு.

ஆகவே கல்யாணத் தரகர் பொன்னுரங்கம் வந்து, கொள்ளிடக் கரை நாணல்துறையில் ஜெயக்கொடி என்று ஒரு பெண் இருக்கிறாள், முப்பத்து நான்கு வயது, பள்ளிக்கூடத்தில் சத்துணவு அமைப்பாளர், இந்த ஞாயிற்றுக்கிழமை கழித்து அடுத்த ஞாயிற்றுக்கிழமை வீடு பார்க்க வருகிறார்கள் என்று சொன்னபோது, ஆபத்சகாயத்துக்குச் சந்தோஷத்துக்கு முன்னால் பயம்தான் வந்தது. பெண்ணின் அப்பா கலியமூர்த்தி பொதுப்பணித் துறையில் முப்பத்தொரு வருஷம் லஸ்கராக இருந்து மதகு திறந்து மதகு மூடி ஓய்வு பெற்றவர். "தண்ணியை உள்ளங்கையில ஏந்தி, இது ஆடி மாசத்துத் தண்ணியா ஐப்பசித் தண்ணியான்னு சொல்லிடுவாரு தம்பி" என்றார் பொன்னுரங்கம். அடுத்த தெருவில் வாழ்க்கைப்பட்டிருந்த அக்கா மங்கையர்க்கரசி இதைக் கேட்டதும் தொட்டியை ஒரு பார்வை பார்த்தாள், தம்பியை ஒரு பார்வை பார்த்தாள். "டேய், கண்ணாடி இருக்குன்னே தெரியக் கூடாதுடா. வர்றவங்க கையை விட்டு மீனைத் தொடப் பார்க்கணும்."

ஆபத்சகாயம் மோட்டாருக்கு வேலை செய்வதுபோலவே தொட்டிக்கும் வேலை செய்தான். மீன்களைத் தொட்டித் தண்ணீரோடு ஒரு வாளிக்கு மாற்றினான், தொட்டியில் தண்ணீரைக் கால் பாகம் இறக்கினான், பழைய பனியன் துணியை வெள்ளை வினிகரில் முக்கிக் கோட்டின் மேல் பட்டையாக ஒட்டி அரை மணி நேரம் ஊறவிட்டான், உப்பு சீறிச் சீறி இளகியதும் புது பிளேடைச் சாய்த்துப் பிடித்துக் கீறல் விழாமல் வழித்தான், மூலைகளில் எலுமிச்சம்பழத் தோலால் தேய்த்தான், சோப்பைக் கிட்டேயே சேர்க்கவில்லை, மீனுக்கு ஆகாது. இப்படி மூன்று சாயங்காலம். பிறகு, போனது திரும்ப வராமலிருக்க, மேலே ஒரு கண்ணாடி மூடி போட்டான், ஆவியாகிற தண்ணீருக்குப் பதில் குழாய்த் தண்ணீரை விடுவதை நிறுத்தி, ஏ.டி.எம். அறைக்குப் பின்னால் சொட்டும் ஏ.சி. தண்ணீரை டப்பாவில் பிடித்து வந்து ஊற்றினான், அதில் உப்பு கிடையாது, காலையில் ஒரு தடவையும் சாயங்காலம் ஒரு தடவையும் விளிம்பை உலர்ந்த துணியால் ஒற்றி எடுத்தான். மங்கை வந்து பார்த்தாள். கண்ணாடி இருப்பதே தெரியவில்லை, தண்ணீர் தானாகவே சதுரமாக நிற்பதுபோல் இருந்தது. வாழ்க்கையில் முதல் தடவையாகத் தம்பியைப் பாராட்டினாள்.

மறுநாள் காலையில் கோடு சுவரில் இருந்தது.

தொட்டியில் எந்த மட்டத்தில் இருந்ததோ அதே மட்டத்தில், தரையிலிருந்து மூன்றடியில், அதே விரல் கனத்தில், நான்கு சுவரையும் சுற்றி வந்தது. வழியில் இருந்த பீரோ, காலண்டர், சைக்கிள், மாட்டிவைத்த சட்டை எதையும் விட்டுவைக்கவில்லை. ஆபத்சகாயம் அதைத் துடைத்தான், துடைத்ததும் போயிற்று, துணியைப் பிழிவதற்குள் வந்துவிட்டது. பக்கத்து வீட்டுக்காரி எட்டிப் பார்த்து, "உங்க வீட்டுலயும் வந்துட்டுதா, நான் எங்க வீட்டுல மட்டும்னு நினைச்சேன்" என்றாள், அந்த நிம்மதியில் அரைக்கிண்ணம் துவையல் கொடுத்துவிட்டுப் போனாள். மூன்றாம் நாள் கோடு ஊர் முழுக்கப் போய்ச் சேர்ந்திருந்தது, ஏதோ ஒரு குளத்தில் ஊரை முக்கி வைத்துத் தண்ணீரை வடித்ததுபோல. அதற்கு நெளிவு சுளிவு தெரியவில்லை, தெரு ஏறினாலும் இறங்கினாலும் அது தன் மட்டத்திலேயே போயிற்று, ஆகையால் மேட்டுத் தெருவில் கணுக்காலிலும், பஸ் ஸ்டாண்டுப் பள்ளத்தில் வாசல் நிலைக்கு மேலேயும் ஓடியது.

மனிதர்கள்மேலும் வந்தது. ஆனால் நடமாடுகிறவர்கள்மேல் வரவில்லை, துவைத்த துணி உலருகிற நேரம் ஒரே இடத்தில் நின்றாலோ உட்கார்ந்தாலோதான் வந்தது. இதனால் ஊரில் சில மாற்றங்கள் ஏற்பட்டன. "டீக்கடையில அஞ்சு நிமிஷம்தான்டி நின்னேன்" என்று இனி எந்தப் புருஷனும் சொல்ல முடியவில்லை, சட்டையிலேயே எழுதியிருந்தது. கட்டிலில் மல்லாந்து கிடந்தவர்களுக்கு மேலே கோடு சும்மா கடந்துபோனதால் ஊரிலேயே பெரிய சோம்பேறிகள்தான் சுத்தமான துணியோடு உலாவினார்கள். அம்மன் கோயில் பூசாரி, அம்மன் இடுப்பைச் சுற்றிக் கோடு வந்ததைப் பார்த்துவிட்டு, இது ஒட்டியாணம் என்று அறிவித்து ஒரு தீபாராதனை கூடுதலாகக் காட்டினார். தனிஸ்லாஸ் கொத்தனார் தன் டியூப் லெவலைச் சுருட்டிப் பரணில் போட்டுவிட்டு, இனி கடவுளே மட்டம் பிடிக்கிறார் என்று சொல்லிக்கொண்டு கோட்டிலிருந்தே அளந்து வேலை செய்ய ஆரம்பித்தார். அப்படி அளந்ததில் ஊராட்சி அலுவலகம் ஒரு பக்கம் மூன்று விரற்கடை சாய்ந்திருப்பது தெரியவந்தது, அதைக் கட்டியவர் அவரேதான் என்பதால் அந்த விஷயம் அதற்கு மேல் வளரவில்லை.

கோடு எங்கிருந்து கிளம்பியது என்று கண்டுபிடிக்க அதிக நேரம் ஆகவில்லை, ஊரில் உப்பு இல்லாத ஒரே பொருள் ஆபத்சகாயத்தின் தொட்டிதான். அவன் கூனிக் குறுகிப் போனான். சோதனைக்காக இரண்டு நாள் கண்ணாடியைத் துடைக்காமல் விட்டு, மூடியை எடுத்துவிட்டு, குழாய்த் தண்ணீரையே ஊற்றினான், விளிம்பில் மயிரிழை போல ஒரு வெள்ளை கட்டியது, அதே அளவுக்கு ஊரிலுள்ள கோடு விரல் கனத்திலிருந்து தீக்குச்சி கனத்துக்கு இளைத்தது. திரும்பத் துடைத்தான், ஊர்க்கோடு திரும்பத் தடித்தது. சுண்ணாம்புக்கு எங்கேயாவது உட்கார ஓரிடம் வேண்டும், தொட்டியில் கொடுத்தால் தொட்டியில் உட்காரும், அங்கிருந்து துரத்தினால் ஊர்மேல் உட்காரும், விஷயம் அவ்வளவுதான்.

வெள்ளிக்கிழமை காலை ஊராட்சி அலுவலகத்தில், சாய்ந்த பக்கம் பெண்களும் நிமிர்ந்த பக்கம் ஆண்களுமாகக் கூட்டம் கூடியது. கோடு வந்துவிடுமென்று யாரும் ஓரிடத்தில் நிற்காமல் மெல்ல இடம் மாறிக்கொண்டே பேசினார்கள். ஆபத்சகாயம் கையைக் கட்டிக்கொண்டு எழுந்தான்.

"ஒரு வீட்டு விசேஷத்துக்காக ஊரே உப்பைச் சுமக்கணும்னு என்ன இருக்கு. நான் தொட்டியைத் துடைக்காம விட்டுடறேன். வர்றவங்க வரட்டும், பார்க்கட்டும், போகட்டும். எனக்கு ஒண்ணும் புதுசில்ல" என்றான்.

"நீ உக்காருப்பா" என்றார் ஊராட்சித் தலைவர் செல்லப்பாப்பா. அவருக்கு இரண்டு மகன்கள், இரண்டு தொட்டிகள். "பதினோரு வருஷமா இந்த ஊருக்குள்ள ஒரு மருமகப் பொண்ணு காலை வெக்கல. நாணல்துறைக்காரன் பொண்ணு குடுத்துட்டான்னு வை, அப்புறம் கரை பூரா குடுப்பான், ஆட்டு மந்தை மாதிரி ஒண்ணு போன வழியிலதான் மத்ததும் வரும். இவன் தொட்டி ஒண்ணும் இவன் தொட்டி இல்ல, நாப்பத்து மூணு தொட்டிக்கும் இதான் தொட்டி. ஒரே ஒரு ஞாயித்துக்கிழமை. அதைக்கூடச் சுமக்க முடியலன்னா நாம என்ன ஊரு?"

டீக்கடைக்காரர் மட்டும், தன் வியாபாரம் பாதியாகிவிட்டது, ஒருவரும் பெஞ்சில் உட்காருவதில்லை என்று முனகினார். அவர் வீட்டிலும் ஒரு தொட்டி இருப்பதை யாரோ ஞாபகப்படுத்தியதும் அடங்கிவிட்டார். எல்லோரும் கையைத் தூக்கினார்கள். ஆபத்சகாயத்துக்கு அந்த ஊர்மேல் அதுவரை இருந்த கோபமெல்லாம் போய், நெஞ்சு நிறையப் பாசமும், அதே அளவுக்குப் பயமும் வந்தது, இனி தோற்றால் அவன் ஒருவன் தோற்றதாக ஆகாது.

திட்டம் செல்லப்பாப்பாவுடையது. வேன் வரும் வழியில் சுவரெல்லாம் கோட்டு மட்டத்தில் மறைக்கப்பட வேண்டும், அதற்கு வீடு வீடாகப் பரணில் கிடந்த பிளக்ஸ் பேனர்கள் இறக்கப்பட்டன, காதணி விழா, பூப்புனித நீராட்டு விழா, முதலாம் ஆண்டு பிறந்தநாள், எதுவும் போதாமல் கடைசியில் கண்ணீர் அஞ்சலிகளையும் திருப்பிப் போட்டுக் கட்டினார்கள். ஆண்கள் எல்லோரும் வெள்ளை வேட்டி வெள்ளைச் சட்டை, வெள்ளைமேல் வெள்ளைக் கோடு தெரியாது. பெண்கள் வெள்ளை உடுத்த முடியாது, ஆகவே அவர்கள் எங்கேயும் நிற்காமல் உட்காராமல் காலையிலிருந்து வேன் திரும்பும்வரை நடந்துகொண்டே இருக்க வேண்டும், கையில் ஒரு குடமோ கூடையோ இருந்தால் நல்லது. ஆபத்சகாயத்தின் கூடத்தில் கோட்டின் மேல் நான்கு சுவருக்கும் சரிகைக் காகிதம் ஒட்டப்பட்டது. காப்பிக்கும் குடிப்பதற்கும் பக்கத்து டவுனிலிருந்து கேன் தண்ணீர் வந்தது. எல்லாவற்றையும் யோசித்துவிட்டோம் என்று ஊர் திருப்திப்பட்டது. சரிகைக் காகிதத்தைக்கூட யோசித்தவர்கள் ஒரு சின்ன விஷயத்தை மறந்துவிட்டார்கள், அது இனிமேல் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு வேன் வந்தது. ஏழு பேர் இறங்கினார்கள். கலியமூர்த்தி நீலச் சட்டை போட்ட ஒல்லியான மனிதர், தெருவை மேலும் கீழும் பார்த்துவிட்டு, வெள்ளை வெள்ளையாக நின்ற ஆண்களைக் கண்டு குரலைத் தணித்து, "ஊர்ல யாராச்சும் பெரியவங்க தவறிட்டாங்களா?" என்று கேட்டார்.

"அதெல்லாம் இல்லீங்க, எங்க ஊர்ல ஞாயித்துக்கிழமைன்னா ஆம்பளைங்க வெள்ளைதான்" என்றார் பொன்னுரங்கம்.

"நல்ல பழக்கம்" என்றார் கலியமூர்த்தி. அவர் மனைவி, குடத்தோடு மேற்கே போன அதே பெண் குடத்தோடு கிழக்கே வருவதையும், திரும்ப மேற்கே போவதையும் கவனித்துவிட்டு, "இந்த ஊர்ப் பொம்பளைங்க சும்மா இருக்கவே மாட்டாங்க போல" என்று கணவரின் காதில் சொன்னாள், அது பாராட்டாகத்தான் இருந்தது.

ஜெயக்கொடி கிளிப்பச்சைப் பட்டில் வந்திருந்தாள், நெற்றியில் வியர்வை, கையில் ஒரு சின்னத் துவாலை, அடுப்படியில் பெரிய பெரிய அண்டாக்களோடு பழகிய தோள்கள். கூடத்தில் நாற்காலியில் உட்கார்ந்ததும் எல்லோரையும் ஒரு தடவை நேராகப் பார்த்தாள், ஆபத்சகாயத்தையும் பார்த்தாள், அவன்தான் தலையைக் குனிந்துகொண்டான். கலியமூர்த்தி தொட்டியின் அருகே போய்க் குனிந்து, கண்ணாடி இருப்பது தெரியாமல் மூக்கை இடித்துக்கொண்டு, "அடடா, என்ன தெளிவு" என்றார். மங்கைக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. "மீனு எப்படி வாழுது பாருங்க, இதுக்கு மேல நாங்க என்ன சொல்ல" என்றாள். அவர் உள்ளங்கையை நீட்டித் தண்ணீர் கேட்பார் என்று எல்லோரும் பயந்தார்கள், அவர் கேட்கவில்லை, மீன்கள் போதும் என்று உட்கார்ந்துவிட்டார்.

அதோடு அவர்கள் போயிருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. ஆனால் மனசு நிறைந்துபோன லஸ்கர் பேச ஆரம்பித்தார். எழுபத்தேழாம் வருஷத்து வெள்ளத்தில் ஆரம்பித்து, எந்த மதகில் எத்தனை ஷட்டர், எந்த ஷட்டரில் எந்தப் பல்சக்கரம் தேயும், எந்த அதிகாரி நீச்சல் தெரியாமலே அணைக்கு வந்தார் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே போக, கேசரி வந்து பஜ்ஜி வந்து காப்பி வந்து இரண்டாம் காப்பியும் வந்து, துவைத்த துணி உலரும் நேரம் ஆகி, கனத்த ஜமுக்காளமே உலரும் நேரமும் ஆகிவிட்டது. வெளியே பெண்களின் நடை தளர்ந்துகொண்டிருந்தது. அப்போதுதான் மங்கை தட்டை எடுக்கக் குனிந்தவள் நிமிராமல் அப்படியே நின்றாள். கலியமூர்த்தியின் நீலச் சட்டையில் நெஞ்சுக்குக் குறுக்கே, நூல் பிடித்ததுபோல, ஒரு வெள்ளைக் கோடு. அவர் மனைவியின் அரக்குப் பட்டில் ஒன்று. சித்தப்பாவின் கோடு போட்ட சட்டையில் அந்தக் கோடுகளுக்குக் குறுக்கே ஒன்று. ஊரே வெள்ளை உடுத்தியது, விருந்தாளிகளும் வெள்ளையில் வருவார்களா என்று ஒருவரும் யோசிக்கவில்லை.

வந்தவர்களில் யாரும் இன்னும் தங்களைக் குனிந்து பார்த்திருக்கவில்லை. மங்கை தட்டைக் கீழே வைத்துவிட்டு, பேச்சை மாற்ற வேறு வழி தெரியாமல், "பொண்ணும் பையனும் நாலு வார்த்தை பேசிக்கட்டுமே, கொல்லைப் பக்கம் காத்தா இருக்கும்" என்றாள். கலியமூர்த்தி கையசைத்து அனுமதி கொடுத்துவிட்டுத் தொண்ணூற்றொன்பதாம் வருஷத்துக்குப் போனார்.

கொல்லையில் துவைக்கிற கல்லும், போர் மோட்டாரின் ஸ்டார்ட்டர் பெட்டியும், ஒரு முருங்கை மரமும் இருந்தன. ஜெயக்கொடி கல்லின் ஓரத்தில் உட்கார்ந்தாள், முந்தானையைச் சரிசெய்யப் போனவள் நின்றாள். கிளிப்பச்சைக்குக் குறுக்கே கோடு பளிச்சென்று இருந்தது. விரலால் தேய்த்துப் பார்த்தாள், விரலை முகத்தருகே கொண்டுபோய்ப் பார்த்தாள்.

"இது என்னங்க?"

சமையலறை ஜன்னலில் மங்கையின் முகம் தெரிந்தது. அவள் ஒரு கையால் தரையில் புள்ளி வைப்பதுபோலவும் கோடு இழுப்பதுபோலவும் ஜாடை காட்டினாள், கோலப்பொடி என்று சொல், கோலப்பொடி என்று சொல். சொல்லிவிடலாம். நாற்காலியில் பட்டுவிட்டது, மன்னிச்சுக்குங்க என்றால் முடிந்தது. தொட்டி வைத்த வீடுகள் எல்லாம் அந்த ஒரு வார்த்தைக்காகக் காலையிலிருந்து வெள்ளை உடுத்தியிருந்தன, நடந்துகொண்டிருந்தன. ஆபத்சகாயம் வாயைத் திறந்தான், மூடினான், திரும்பத் திறந்தான். இவளை இங்கே கூட்டி வந்து, முதல் நாள் குளித்துவிட்டுத் தலையைத் துவட்டும்போது இவள் முகம் எப்படிப் போகும் என்று அவனுக்குக் கண்ணுக்கு முன்னால் தெரிந்தது. தனியாக இருப்பதைவிட அது மோசமாக இருந்தது.

"உப்புங்க" என்றான்.

ஜன்னலில் மங்கை தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"எந்த உப்பு?"

"தண்ணியில உள்ள உப்பு. தொட்டியில இருந்துச்சு. நீங்க வர்றீங்கன்னு தேய்ச்சு எடுத்தேன், அது ஊர்மேல வந்து உக்காந்துடுச்சு. சுவரையெல்லாம் மறைச்சு வெச்சிருக்கோம். இங்க அரை மணி நேரம் சும்மா உக்காந்தா யார்மேலயும் வரும்."

ஜெயக்கொடி முருங்கை மரத்தைப் பார்த்தாள், அதன் வயிற்றிலும் கோடு இருந்தது. சுவரைப் பார்த்தாள். தலையை ஆட்டிக்கொண்டாள், சமையலுக்கு வந்த அரிசி மூட்டையில் எடை குறைந்திருந்தால் ஆட்டிக்கொள்கிற மாதிரி. "அதான் அந்தப் பொம்பளைங்க நடந்துக்கிட்டே இருந்தாங்களா?"

"ஆமாங்க."

"பாவம். வேற என்ன மறைச்சு வெச்சிருக்கீங்க?"

அவன் மூச்சை இழுத்துக்கொண்டான். இத்தனை வருஷம் சொல்லாமல் வைத்திருந்தது வரிசையாக வந்தது. "குடிச்ச காப்பி கேன் தண்ணி. மீனு வாழுறதுக்குக் காரணம் தண்ணி நல்லா இருக்கிறது இல்ல, அந்த மீனுக்கு இந்தத் தண்ணிதான் பிடிக்கும். சோப்பு நுரைக்காதுங்க. முடி கொட்டும், வந்த முதல் வருஷம் கையோட வரும், அப்புறம் கொஞ்சம் நிக்கும். வெள்ளைத் துணி பழுப்பாயிடும். ஹீட்டர் ஆறு மாசம்தான். பாத்திரத்தை எவ்வளவு தேய்ச்சாலும் புகை பிடிச்ச மாதிரியே இருக்கும்." நிறுத்தினான். இன்னும் ஒன்று பாக்கி இருந்தது, அதுதான் எல்லாவற்றிலும் மோசமானது, அதைக் கேட்டபிறகு எந்தப் பெண்ணும் இருக்க மாட்டாள் என்று ஊரில் எல்லோரும் நம்பினார்கள், அதனால்தான் பெண் வீட்டார் முன்னால் அந்த வார்த்தையையே எடுக்கக் கூடாதென்று மாப்பிள்ளைகளுக்குச் சொல்லி வளர்த்தார்கள். அவன் துவைக்கிற கல்லைப் பார்த்துக்கொண்டு சொன்னான். "பருப்பு வேகாது. எத்தனை மணி நேரம் கொதிச்சாலும் வேகாது. கல்லு மாதிரி கிடக்கும்."

சொல்லி முடித்ததும் அவனுக்கு உடம்பு லேசாகிவிட்டது, இனி அவள் எழுந்து போய்விடுவாள், வேன் கிளம்பிவிடும், செல்லப்பாப்பாவின் முகத்தில் விழிக்க வேண்டும், அவ்வளவுதான்.

ஜெயக்கொடி எழுந்திருக்கவில்லை. அவனை முதல் தடவையாகக் கொஞ்சம் கவலையோடு பார்த்தாள்.

"ஏங்க, வீட்டுல குக்கர் இல்லையா?"

"இருக்கு" என்றான்.

"எத்தனை லிட்டர்?"

"அஞ்சு."

"விசில் வருதா?"

"வருது."

"வாஷர்?"

"போன மாசம்தான் மாத்துனேன்" என்றான் ஆபத்சகாயம், அதைச் சொல்லும்போது அவனுக்கு அழுகை வந்துவிட்டது.

"அப்புறம் என்ன" என்று சொல்லிவிட்டு ஜெயக்கொடி எழுந்து, முந்தானையை உதறாமல் அப்படியே இடுப்பில் செருகிக்கொண்டு, கூடத்துப் பக்கம் திரும்பிச் சத்தமாகக் கூப்பிட்டாள்.

"அப்பா, வெள்ளத்தை நிறுத்திட்டுத் தேதி பாருங்க."